டோர்ட்டியாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் திரைப்படக் குழுவில் 'டோர்ட்டியா ஹெவன்' திரையிடல் முடிந்து நடந்த பேச்சில், மெக்சிகோ ரொட்டியான டோர்ட்டியாவில் இயேசு முகத்தைக் கண்டு கும்பிட்டவர்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு நம் குழுவில் அந்தத் தோசைப் படம் வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கருகிய தோசையில் ஒரு நடிகரின் முகம், கீழே கொட்டை எழுத்தில் 'ஏமாளிகள் ஊர்'. அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப் பேர் எனக்கு நெருங்கியவர்கள். அதனால்தான் வலிக்கிறது.

படத்தை ஒழுங்காகப் பார்த்தீர்களா? 2007-இல் வந்த 'டோர்ட்டியா ஹெவன்'. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஃபால்ஃபூரியாஸ் என்று ஒரு கற்பனை ஊர், ஜனத்தொகை 73. அங்கே இருக்கிற ஒரே சாப்பாட்டுக் கடை இசிடோருடையது. ஒருநாள் அவர் கடை டோர்ட்டியாவில் இயேசுவின் முகம் தெரிகிறது. கூட்டம் கூடுகிறது. கில் கார்சியா என்ற வெளியூர் ஆள் வந்து, இதில் எப்படிப் பணம் பண்ணலாம் என்று சொல்லிக் கொடுக்கிறான். அப்புறம்தான் ஊர் கெடுகிறது, ஆளாளுக்குக் காசுக்கு அலைகிறார்கள். படம் சிரிப்பது இந்த இடத்தில். கும்பிட வந்தவனிடம் காசு பிடுங்கியவர்களைத்தான் அது கேலி செய்கிறது. நீங்கள் கும்பிட்டவர்களைக் கேலி செய்கிறீர்கள்.

இப்படியெல்லாம் எங்காவது நடக்குமா என்று ஒரு தம்பி கேட்டார். நடந்தது தம்பி. 1977-இல், அதே நியூ மெக்சிகோவில், லேக் ஆர்தர் என்ற சிற்றூரில், கணவருக்கு டோர்ட்டியாவில் உணவு வைத்து புரிட்டோ சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், டோர்ட்டியாவில் பட்ட சூட்டுத் தழும்பில் இயேசுவின் முகத்தைக் கண்டார். அதைக் கண்ணாடிக்குள் வைத்தார். ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்து வேண்டிக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அது உடைந்து போனது.

இன்னொன்றும் நடந்தது. மாதாவின் முகம் தெரிவதாகச் சொல்லி, பத்து வருடம் பழைய சீஸ் சாண்ட்விச் ஒன்றை 2004-இல் ஈபே என்ற இணையத் தளத்தில் ஏலம் விட்டார்கள். 28,000 டாலருக்கு ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் வாங்கியது. ஞாயிறன்று இந்தக் கதையும் பேச்சில் வந்தது, நினைவிருக்கிறதா? அதை எல்லோரும் விளம்பர உத்தி என்றீர்கள். சூதாட்ட நிறுவனம் செய்தால் உத்தி, சமையலறையில் நிற்கிற பெண் செய்தால் ஏமாளித்தனம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

"மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று அடுத்து வருவீர்கள், தெரியும். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது, இன்றும் என் வீட்டில் இல்லை. ஆனால் கோயில் வாசலில் நிற்கிற கிழவியைப் பார்த்து அப்பா ஒருநாளும் சிரித்ததில்லை. "சாமியை விடு, உண்டியலை யார் எண்ணுகிறான் என்று பார்" என்பார். பகுத்தறிவை நான் அப்படித்தான் கற்றேன். இந்தப் படமும் அதையேதான் செய்கிறது. உண்டியலைப் பார்க்கச் சொல்கிறது.

சரி, நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அந்த மலைப்பகுதியில் அமெரிக்கக் கொடி ஏறுவதற்கு முன்பிருந்தே வாழ்கிற குடும்பம். என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். ஊரில் என் அம்மாவுக்கு இருதய அறுவை சிகிச்சை, எனக்கு விசா சிக்கலால் கிளம்ப முடியவில்லை. அழுதுகொண்டிருந்தவளை அவர் தன் பழைய காரில் ஏற்றி சிமாயோ என்ற ஊரிலுள்ள கத்தோலிக்கக் கோயிலுக்கு அழைத்துப் போனார். 1816-இல் கட்டி முடித்த சிறிய மண்கோயில். ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் பேர் வருகிறார்கள், புனித வெள்ளிக்கு ஆல்புகர்க்கியிலிருந்தேகூட நடந்து வருகிறவர்கள் உண்டு. பக்கத்து அறையில் தரையில் ஒரு சின்னக் குழி. அதிலிருக்கிற மண்ணுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்று நம்பி எடுத்துப் போகிறார்கள். பாட்டியும் ஒரு டப்பாவில் அள்ளி என் கையில் கொடுத்தார். யாரும் எங்களிடம் காசு கேட்கவில்லை.

அந்த மண் தானாக ஊறுவதில்லை. கோயில்காரர்கள்தான் கொண்டுவந்து நிரப்புகிறார்கள், அதை மறைப்பதும் இல்லை. பாட்டிக்கும் தெரியும், கார் ஓட்டிக்கொண்டே அவரேதான் எனக்குச் சொன்னார். தெரிந்தும் அள்ளினார். நீங்கள் ஏமாளி என்று சொல்வது இவரைத்தான்.

அங்கே குழந்தை இயேசுவுக்கு இன்னொரு கோயில் இருக்கிறது. உள்ளே குட்டிக் குட்டிக் காலணிகளாக நிறைந்திருக்கும். குழந்தை இயேசு ராத்திரியெல்லாம் ஊர் சுற்றி உதவி செய்வதால் செருப்பு தேய்ந்துவிடுமாம், அதனால் புதுசு வாங்கி வைக்கிறார்கள். பாட்டியும் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார். வைத்துவிட்டுச் சிரித்தார். வேண்டியது நடக்காவிட்டால் புனிதர் சிலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துத் தண்டிக்கிற பழக்கமும் அந்த மக்களிடம் உண்டு. மே 15 அன்று விவசாயிகளின் புனிதர் சான் இசிட்ரோவை வயலுக்கும் வாய்க்காலுக்கும் தூக்கிப்போய்க் காட்டுவார்கள். கடவுளோடு சண்டை போடுகிறவர்கள், கேலி பேசுகிறவர்கள். படத்து நாயகன் இசிடோருக்கு அந்த விவசாயப் புனிதரின் பெயர் இருப்பதையாவது யாராவது கவனித்தீர்களா? அந்தச் சிரிப்பு அவர்கள் வீட்டுச் சிரிப்பு. தோசையில் முகம் ஒட்டிச் சிரிப்பது வேறு.

"படம் எடுத்ததும் வெளியாள்தானே, பாத்திரங்கள் கார்ட்டூன் மாதிரி இல்லையா?" இருக்கலாம். அதைத் தனியாகப் பேசுவோம், இன்று என் கோபம் அதுவல்ல.

ஃபால்ஃபூரியாஸ் என்ற பெயரில் டெக்சாஸில் நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் தோன் பெத்ரீத்தோ ஹராமீயோ என்ற நாட்டு வைத்தியர் 1881 முதல் 1907-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். வைத்தியத்துக்குக் கட்டணம் என்று எதுவும் கேட்கமாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார், வந்தவர்களுக்குச் சோறும் போடுவார். அவர் சமாதிக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள். அந்தப் பெயர் வைத்த ஊரில் டோர்ட்டியாவைக் காட்டிக் காசு பார்க்க வைக்கிறது படம். இயக்குநர் நினைத்து வைத்தாரோ இல்லையோ, எனக்கு அங்கே தொண்டை அடைத்தது.

கடைசியாக, அன்று பேச்சை நடத்திய அண்ணன் சொன்ன வாக்கியம். "இப்படி நம்பிக்கொண்டே இருந்தால் ஏழையாகத்தான் இருப்பார்கள்." எல்லோரும் தலையாட்டினீர்கள். அவர்கள் ஏழையானது எப்படி என்று ஒருவராவது கேட்டீர்களா? 1848-இல் மெக்சிகோவிடமிருந்து நியூ மெக்சிகோ அமெரிக்காவுக்குப் போனது. அங்கிருப்பவர்களின் சொத்துரிமை காக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊரே பொதுவாக வைத்திருந்த நிலங்களைப் பற்றி 1897-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவை ஊராருடையவை அல்ல, அரசுடையவை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படிப் போன நிலங்கள் பல இன்று தேசிய வனங்களுக்குள் இருக்கின்றன. ஆடு மேய்த்த மலைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். டோர்ட்டியாவைக் கும்பிட்டதால் போன நிலமா அது?

அண்ணா, அடுத்த மாதப் படத்துக்கு அறிமுக உரை பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வருகிறேன். அந்த வாக்கியத்தை அன்றைக்கு மேடையில் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள், என் பதிலை அங்கேயே சொல்கிறேன்.