அந்த ரீங்காரத்தை எடுக்க முடியாது

சனிக்கிழமை முதல் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பற்றி, அங்கே பதிவுசெய்த ஒலிகளை வைத்து நான் செய்த ஆம்பியன்ட் இசையில் பறவைச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை "இரைச்சல்" என்று நீக்கி, "மன அமைதிக்கு இயற்கையின் இசை" என்று தலைப்பும் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என் பெயர் மட்டும் கீழே இருக்கிறது.

காணொளியை ஏற்றியவர்களே, நீங்கள் நீக்கியது அந்தப் பாட்டின் சுருதியை.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. அதனால் டிரான்ஸ்ஃபார்மர் அதன் இரு மடங்கில், 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நான் மைக் வைத்த இடத்திலெல்லாம் அந்தச் சத்தம் விழுந்தது. ஃபில்டர் போட்டு வெட்டுவது ஒரு நிமிட வேலை, எனக்கும் தெரியும். வெட்டாமல் அதையே தம்புராவாக வைத்துக்கொண்டு, சிந்தசைசரை அதற்குச் சுருதி சேர்த்தேன். ரேடியல் ரோட்டில் போகும் லாரிகளின் ஒலியை இழுத்து நீட்டி அதன்மேல் படர விட்டேன். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும், தண்ணீருக்குள் இறக்கிய ஹைட்ரோபோன் மைக்கில் கேட்ட பூச்சிகளின் கிறுகிறுப்பும் இவற்றுக்கு நடுவேதான் வருகின்றன. அங்கே அவை அப்படித்தான் வாழ்கின்றன. 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலத்தின் மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. லாரி இல்லாத பள்ளிக்கரணையை ஒலியில் காட்டினால் அது பொய். என் பெயரில் அந்தப் பொய் வேண்டாம்.

"கேட்பவருக்கு இதமாக இருக்க வேண்டாமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதம் வேண்டுமென்றால் வேறு எத்தனையோ இருக்கிறது, கேளுங்கள். "இதெல்லாம் இசையா?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"இதைக் கேட்டால் சதுப்பு நிலம் பிழைத்துவிடுமா?" என்பது நியாயமான கேள்வி. பிழைக்காது. ஆனால் கண்ணுக்குத் தப்புவது காதில் விழும். இயற்கை ஒலிகளைப் பதிவுசெய்யும் பெர்னி க்ராஸ் 1988இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், லிங்கன் மெடோ என்ற இடத்தில் ஒலிப்பதிவு செய்தார். அங்கே மரங்களைப் பொறுக்கியெடுத்து வெட்டுவதால் சூழலுக்குப் பாதிப்பே வராது என்று மரம் வெட்டும் நிறுவனம் சொல்லியிருந்தது. வெட்டியபின், மறுவருடம் அதே பருவத்தில் போனார். புகைப்படத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியும் இருந்தன. முன்பு கேட்ட அத்தனை பறவைகளின் கூட்டொலி போய்விட்டது. இரண்டு பதிவுகளிலும் உள்ளதை உள்ளபடி வைத்ததால்தான் அது சாட்சி ஆயிற்று. அழகுபடுத்தியிருந்தால் யாருக்குப் பயன்?

அப்புறம், "நீங்களும் வேளச்சேரியில் பிளாட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்ற பின்னூட்டம். அது குத்தியது. வேளச்சேரியும் அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டியதுதான். ஆமாம், அங்கேதான் இருக்கிறேன். அப்பா கடன் வாங்கி வாங்கிய வீடு. அந்த இடம் எதுவாக இருந்தது என்று விற்றவரும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டவரும் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் தண்ணீரே வந்து சொன்னது. கரண்ட் போய், தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இரவில் நாங்கள் மொட்டைமாடியில் இருந்தோம். ரீங்காரம் நின்றிருந்தது. தெரு முழுக்கத் தவளைகள். "இத்தனையும் இவ்வளவு நாள் எங்கேடா இருந்தது?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் செய்கிற இசை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. அங்கே வீடு இருப்பதால் எனக்குப் பேச உரிமை இல்லை என்கிறீர்களா? அங்கே வீடு இருப்பதால்தான் பேசுகிறேன். தினமும் அந்த 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்தான் தூங்குகிறேன். என் வீட்டு விளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. அந்தச் சத்தத்தை நீக்கினால் என்னையும் சேர்த்துத்தான் நீக்குகிறீர்கள்.

பறவைகளை மட்டும் கேட்டு மனம் அமைதியாகி, அடுத்த நாள் அதே ரோட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போவதற்கு என் இசை உதவ வேண்டாம்.

முழுப் பதிவையும் இன்றிரவு என் பக்கத்திலேயே ஏற்றுகிறேன். ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி சரியாக வராது. காணொளியை ஏற்றியவர்கள் அதை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் என் பெயரையாவது எடுங்கள்.