நாங்கள் பேசுவது அரட்டை அன்று

ஞாயிற்றுக்கிழமை மணிவிழாவில் நடந்ததை உங்களில் பலர் காணொளியாகவே பார்த்துவிட்டதால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த பெரியவர், "வேலைவெட்டி இல்லாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து பேசுறதப் பதிவு பண்ணி அனுப்புறாக, இப்ப ரெண்டு ஜோக் சொல்லச் சொல்லுவோமா?" என்று கேட்டார், பந்தலே சிரித்தது, நாங்களும் சிரித்துவைத்தோம். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்: நானும் என் நண்பனும் செய்யும் நகைச்சுவை ஒலி நிகழ்ச்சியில் வரும் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டது.

பன்னிரண்டு நிமிடப் பகுதி ஒன்றுக்கு நான்கு இரவுகள் ஆகின்றன. வெளியூர்க்காரர்கள் வியந்து படமெடுக்கும் எங்கள் செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய வளவும் பட்டாலைக் கூடமும் ஒலிப்பதிவுக்குப் பெரும்பகை. உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து ஒரு சொல்லை மூன்றாகத் திருப்பித் தரும். ஆகவே வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் உள்ள சாமான் அறையில் மெத்தைகளை நிறுத்தி, ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, இரைச்சல் விழும் என்று மின்விசிறியையும் அணைத்துவிட்டு, சித்திரைப் புழுக்கத்தில் நனைந்தபடி பேசுகிறோம். மழைச் சத்தத்துக்கு முறத்தில் அரிசியை உருட்டுகிறோம். அரை நொடி பிந்தினால் சிரிப்பு செத்துவிடும் என்பதால், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மூச்சு மூச்சாக நறுக்குகிறோம். வேலைவெட்டி இல்லாதவர்கள் அல்லவா, பொழுது போகவேண்டுமே.

எங்கள் நிகழ்ச்சியில் வரும் மொய் எழுதும் ஆச்சியின் குரலை என் அப்பத்தாவிடமிருந்துதான் எடுத்தேன். முதல் பதிவைக் கேட்டவர் சிரிக்கவே இல்லை. "நான் எங்கடா 'வந்துட்டாக'ன்னு இழுத்தேன்? வெட்டித்தானே சொல்லுவேன்" என்றார். அந்த ஒரு வரியைப் பதினொரு முறை பேசினோம். எண்பது வயதில் அவருக்குப் புரிந்தது பந்தலில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

இலவசமாகக் கொடுப்பதற்கு இவ்வளவு ரோஷமா என்பீர்கள். பந்தியில் உட்காருகிறவரும் காசு கொடுப்பதில்லை. அதற்காக ஆக்கிப்போட்டவரை வேலைவெட்டி இல்லாதவர் என்று நம் ஊரில் யாரும் சொன்னதில்லை. பெரியவர் விளையாட்டாகச் சொன்னார் என்பீர்கள். விளையாட்டுக்கும் ஒத்திகை வேண்டும் என்பதுதான் என் கட்சியே. ஆச்சிமாரைக் கேலி செய்கிறோம் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதைப் பிறகு பேசலாம்.

இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கி, 1940களில் இதே காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஏவி. மெய்யப்பனைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிற ஊர் இது. அவர் தொடங்கிய காலத்தில் இதே ஊர் என்ன சொல்லியிருக்குமோ! (அவரோடு எங்களை ஒப்பிடவில்லை, உடனே கிளம்பி வரவேண்டாம்.)

உண்மையில் அந்தப் பெரியவர் மீதுகூட எனக்கு இப்போது கோபமில்லை. பந்தல் சிரித்தபோது முன்வரிசையில் என் நண்பனின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதை அவன் பார்த்துவிட்டான். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் எழுதிய தாளோடு வருகிறவன், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வரவில்லை. புதிய பகுதியில் என் வரிகள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அவன் பதில் சொல்லவேண்டிய இடங்களில் நான் மூச்சு விடுவதுதான் கேட்கிறது. மெத்தைகளை எடுத்துப் போட்டுவிடவா என்று அப்பத்தா இரண்டு நாளாகக் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.