ஸ்கூட்டரையும் வீட்டு ஃப்ரிட்ஜையும் நம்பி எத்தனை காலம் ஆராய்ச்சி செய்வது?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையைப் பகிர்வார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் முதலில் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரி. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, 32 வயது மைக்ரோபயாலஜி மாணவி செல்லப்பன் நிர்மலா தன் ஆய்வேட்டுக்காகச் செய்த வேலை அது. "என்ன ஒரு அர்ப்பணிப்பு!" என்று கீழே கமெண்ட் குவியும்.

எனக்கு அதில் காசுதான் கண்ணில் படுகிறது. பாலியல் தொழிலாளர்களை வைத்திருந்த காப்பகத்துக்கு நிர்மலாவை அவர் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார், பஸ் செலவு மிச்சம் என்று. கையுறை கிடையாது. சீரம் மாதிரிகள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்திருக்கின்றன. ஏறத்தாழ 80 பேரிடம் எடுத்ததை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பாசிட்டிவ். (எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவுமில்லை. இன்று எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாது, விடவும் கூடாது.)

இதே தலைப்போடு இன்று ஒரு மாணவி நிதி கேட்டுப் போனால் முதல் கேள்வி, "முதற்கட்டத் தரவு எங்கே?" என்பதாக இருக்கும். அன்றைக்கு நிர்மலாவே நெகட்டிவ் வரும் என்றுதான் நினைத்திருந்தார். தரவு இல்லாததால்தானே ஆய்வு!

பெரிய ஆய்வுகளுக்குப் பணம் வராமலில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகளே நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்துச் செய்த பரிசோதனை, அதுவும் ஒரே ஒரு முறை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 35 சதவீதம் குறைத்தது என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கேட்ஸ் அறக்கட்டளைப் பணம். அருமையான வேலை. ஆனால் தன் முதல் ஆய்வோடு நிற்கிற மாணவிக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகை, ஜேஆர்எஃப், இருக்கிறதே என்பீர்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. வீட்டு வாடகைப்படி தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதாமாதம் வருகிறதா என்று ஸ்காலர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் வெள்ளைப்படுதல் பற்றிக் கிராமங்களில் ஆய்வு செய்கிறாள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகள் வாய் திறப்பாள்? தனியாகப் பேச ஓரிடம் வேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தால் அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோக்காரரிடம் ஜிஎஸ்டி பில் கேட்க முடியுமா? எல்லாம் அவள் ஸ்டைபெண்டிலிருந்துதான் போகிறது. லேபில் உட்கார்ந்து செய்யும் ஆய்வுக்கு ரீஏஜென்ட், அதாவது சோதனை ரசாயனச் செலவு என்று எழுதலாம். நம்பிக்கையோடு ஒரு பெண்ணைப் பேசவைக்கும் செலவை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மாநில அரசோ மருத்துவப் பல்கலைக்கழகமோ பெண்களின் பாலியல், இனப்பெருக்க நலத்தில் முதல் ஆய்வு செய்கிறவர்களுக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். இரண்டு பக்க விண்ணப்பம் போதும். கூலிக்கும் ஆட்டோவுக்கும் கையெழுத்துச் சீட்டை ஏற்கட்டும். முடிவு நெகட்டிவாக வந்தால் முகம் சுளிக்காமல் இருக்கட்டும். "ஏம்மா, உனக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று கேட்கிற பேராசிரியரை மட்டும் அந்தக் கமிட்டியில் உட்கார வைக்காதீர்கள்.