பத்து நாள் கணக்கு

பொருள் சேர்த்துக் குவிக்கிறவர்களைப் பற்றி யார் பேசினாலும் பேராசையில்தான் ஆரம்பிக்கிறார்கள். ரங்கூன் தமிழர்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தப்பு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயந்துபோய்ச் சேர்த்தவர்கள். அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை.

1964-ல் பர்மா அரசு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். நம் ஆட்கள் லட்சக்கணக்கில், உழைத்துச் சேர்த்ததில் பெரும்பகுதியை இங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். 1985-ல் நூறு கியாட் நோட்டுக்கு மறுபடியும் அதே கதி. 1987 செப்டம்பர் 5-ம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. மாற்றிக்கொள்ளக்கூட வழி கொடுக்கவில்லை. அதே மாதத்தில் 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகள் வந்தன. இத்தனையும் பார்த்த ஒரு பெண் வங்கியை நம்புவாளா, பித்தளை அண்டாவை நம்புவாளா? அண்டாவை யாரும் செல்லாது என்று சொல்ல முடியாது. பெரியம்மாவிடம் பதினோரு அண்டாக்கள் இருப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அதனால் அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் பார்த்துச் சிரிக்கிற வெளிநாட்டுச் சொந்தங்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் நாலு கட்டு மெழுகுவர்த்தி வைத்திருப்பது வியாதி இல்லை. வியாதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் அதைத் தனி நோயாகவே சேர்த்தார்கள். மதிப்பு இருக்கிறதோ இல்லையோ எதையும் விட மனசு வராது, விடச் சொன்னால் தாங்க முடியாத தவிப்பு வரும், கட்டிலில் படுக்கவும் அடுப்படியில் சமைக்கவும் இடம் இல்லாமல் போகும். அந்த நிலைக்குப் போனவருக்கு மருத்துவர் வேண்டும். அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே வீசுகிற மகன்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

நான் பேச வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நம்மைப் பற்றி.

நம் வீடுகளில் மோசமாக நிரம்பியிருக்கும் இடம் எது தெரியுமா? சாமி அலமாரிதான். பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலம், பழனியில் இருந்து யாரோ கொண்டுவந்த பஞ்சாமிர்த டப்பா (காலி), ராமேஸ்வரம் தீர்த்தம், பழைய காலண்டரில் வெட்டிய லட்சுமி படங்கள், பக்கத்திலேயே ஒரு புத்தர். தூக்கிப் போட்டால் பாவம் என்று எதையும் தொடுவதில்லை. விரதமும் அப்படியே. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம், அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு மந்திரம். ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோமே தவிர எதையும் முடிப்பதில்லை. எதற்காக ஆரம்பித்தோம் என்பது ஆரம்பித்தவருக்கே மறந்துபோயிருக்கும். பக்தி என்ற பெயரில் நடந்தாலும் குவிப்பது குவிப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். கோபம் வருகிறவர்களுக்கு வரட்டும்.

இதற்கு வழி கேட்டால் யூடியூபில் ஒன்று சொல்கிறார்கள்: ஒவ்வொரு பொருளாகக் கையில் எடு, சந்தோஷம் தருகிறதா பார், இல்லையென்றால் விட்டுவிடு. எங்கள் பெரியம்மாவுக்கு வார் அறுந்த செருப்புகூடச் சந்தோஷம் தரும். மனசைக் கேட்டால் மனசு எப்போதும் ‘இருக்கட்டும்’ என்றுதான் சொல்லும்.

காலையில் நம் தெருவில் வரிசையாகப் பிட்சைக்கு வருகிற பொங்கிமாரிடம், அதாவது பர்மிய புத்த பிட்சுக்களிடம், இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அவர்களுடைய விநய விதிகள் (துறவிகளுக்கான ஒழுக்க விதிகள்) மனசைக் கேட்பதே இல்லை, தேதி போட்டுவிடுகின்றன. அன்று வாங்கிய சோறு அன்றைக்கு மட்டும்தான், மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது. நெய், எண்ணெய், தேன், வெல்லம் மருந்துக்காக ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். உபரியாக ஒரு பிட்சைப் பாத்திரமோ சீவரமோ (துறவி உடுத்தும் ஆடை) கிடைத்தால் பத்து நாள். அந்தப் பாத்திர விதி வந்த கதை இன்னும் நன்றாக இருக்கிறது. சில பிட்சுக்கள் பாத்திரங்களாகச் சேர்த்து அடுக்கி வைத்திருக்க, பார்த்த ஜனங்கள் ‘இவர்கள் என்ன சட்டிக்கடை போடப் போகிறார்களா?’ என்று கேலி செய்தார்களாம். துறவிகளுக்கே அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது!

பத்து நாள் என்ற கணக்குக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். புத்தரின் சீடர் ஆனந்தருக்கு உபரியாக ஒரு சீவரம் கிடைத்தது. அதை இன்னொரு சீடரான சாரிபுத்தருக்குக் கொடுக்க ஆசை. அவரோ சாகேதம் என்ற ஊரில் இருந்தார், வருவதற்கு ஒன்பது பத்து நாள் ஆகும். அதனால்தான் புத்தர் பத்து நாள் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தாராம். யாருக்கு என்று தெரிந்து காத்திருக்கும் பொருளுக்கு இடம் உண்டு. ‘யாருக்காவது ஆகும்’ என்று வைத்திருக்கும் பொருளுக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விரதத்துக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். பர்மியர்கள் செய்யும் கோ நவின் ஜெபமாலை ஒன்பது ஒன்பது நாளாக 81 நாளில் முடிந்துவிடுகிறது. நம் மண்டலத்துக்கு 48 நாள். ஆரம்பம், காரணம், முடிவு மூன்றும் இருக்கின்றன. தினமும் செய்ய ஒன்று வேண்டும் என்றால் பிடியரிசி போதும். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனி டின்னில் போடுவது, டின் நிறைந்ததும் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுவது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா தினமும் முதல் கரண்டிச் சோற்றைப் பொங்கிக்குப் போடுகிறாரே, அதேதான். உலகக் கொடைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை இந்த நாடு முதலிடத்தில் இருந்தது. அந்தப் பணக்கார நாடுகளுக்கெல்லாம் முன்னால் நம்மை நிறுத்தியது இந்தக் கரண்டிதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. வெள்ளம், புயல் என்றால் நம் வீட்டுக் கிழிசலையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு ‘தானம் செய்தேன்’ என்கிறோம். அதற்குப் பெயர் வீடு கூட்டுவது. அந்தக் குப்பையைப் பிரித்து எறிய அங்கே இன்னொருத்தர் உட்கார வேண்டியிருக்கிறது.

பெரியம்மா என் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. “பொங்கிக்குப் பிள்ளை குட்டி கிடையாது, பத்து நாள் போதும். எனக்கு மூணு பேத்தி இருக்காங்க” என்கிறார். அதுவும் நியாயம்தான். பேத்திகளுக்கென்று வைத்திருக்கும் அண்டாக்களுக்கு நான் தேதி கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கும் காலி டின்களுக்குத்தான் கேட்டேன். தீபாவளி வரை தவணை வாங்கியிருக்கிறார்.