அவலரக்கு பாலிஷ்தான் வேண்டும் என்று கேளுங்கள்

இந்த வருடம் வீட்டுக்குத் தேக்கில் ஒரு எழுதுமேசை செய்யச் சொன்னேன். ஆசாரி இழைத்து, மூட்டு போட்டு, உப்புத்தாள் தேய்த்து முடித்ததும், "பியூ அடிச்சிடலாமா சார்?" என்றார். பியூ என்பது பாலியூரிதேன், ஸ்பிரே அடிக்கிற பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு. "வேண்டாம், அவலரக்கு பாலிஷ் போடுங்க" என்றேன், ஆங்கிலத்தில் ஷெல்லாக் என்பார்களே, அது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது கைவேலை, நாளாகும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கடையில் வாங்கிய கட்டில், கண்ணாடி மாதிரி பியூ பூச்சு. மூன்றே வருடத்தில் தலைமாட்டில் தோல் உரிவதுபோல் உரிந்தது. அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போட வழியில்லை, மொத்தத்தையும் சுரண்டி மறுபடி ஸ்பிரே அடிக்க வேண்டுமாம். அதே அறையில் தாத்தாவின் சாய்வு நாற்காலி இருக்கிறது. எனக்குத் தெரிந்து மூன்று முறை பாலிஷ் போட்டாயிற்று. ஒரு தடவைகூடச் சுரண்டியதில்லை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். புதுப் பூச்சில் இருக்கும் ஸ்பிரிட், பழைய பூச்சின் மேல்பரப்பை இளக்கிவிடும். இரண்டும் சேர்ந்து ஒரே பூச்சாகிவிடும்.

அவல் மாதிரி மெல்லிய தகடாக இருப்பதால்தான் அவலரக்கு என்று பெயர். அரக்குப் பூச்சிகள் புரச மரக் கிளைகளில் சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்டில்தான் அதிகம் விளைகிறது. இதை ஆராயவே 1924இல் ராஞ்சியில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மாத்திரைகளுக்கு மேல்பூச்சாகவும் இதைப் போடுகிறார்கள்.

பாலிஷ் போட்ட நாட்களில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளே அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுவிட்டார். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, அதில் நனைத்து, ஒட்டாமல் ஓட ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டு போடுவதுபோல் தேய்க்கிறார். கை மரத்தின் மேல் ஒரு நொடி நின்றாலும் துணி ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்த்துவிடும். நடுவில் இரண்டு நாள் மழை. வேலையை நிறுத்திவிட்டார். ஈரக் காற்றில் போட்டால் பால் சிந்தியதுபோல் பூச்சு வெளுத்துவிடுமாம்.

சாப்பாட்டு மேசைக்கு இதைச் சொல்ல மாட்டேன். சூடும் தண்ணீரும் இதற்கு ஆகாது. அதற்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

கையால் செய்த மரச்சாமான் என்று விலை வைத்து விற்கிற பலர், கடைசியில் ஸ்பிரே அடித்துத் தருவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. வேலையில் பாதி பாலிஷில் இருக்கிறது. மரம் வாங்கும்போதே பாலிஷ்காரருக்கு நான்கைந்து நாள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கேட்பவர்கள் இல்லாததால்தான் இந்தக் கை பழகியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

போன வாரம் மகள் அந்த மேசையில் சூடான காபி டம்ளரை வைத்துவிட்டாள். வெள்ளையாக ஒரு வட்டம். ஆசாரியைக் கூப்பிட்டேன். ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் நீவினார், மேலே கொஞ்சம் பாலிஷ் ஓட்டினார். கால் மணி நேரம்தான். அப்புறம் வட்டம் எங்கே இருந்தது என்று நான் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.