மூளை போன வண்டி

லோடு வண்டி ஷெட்டில் நின்று 12 நாள் ஆகிறது. கோயம்பேட்டில் விடியற்காலை 5 மணிக்குத் தக்காளியை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ஜின் மட்டும் அசையவில்லை. முதலில் சென்சார் என்றார்கள், மாற்றினேன். பேட்டரி என்றார்கள், மாற்றினேன். அப்புறம் ரிலே, ஒயரிங். வண்டியில் இனி மாற்றாதது நானும் நம்பர் பிளேட்டும்தான்! கடைசியில் கோளாறைக் காட்டுகிற ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "என்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், இசிஎம் போச்சுண்ணே" என்கிறார் மெக்கானிக். இதை முதல் நாளே செருகியிருந்தால் கையைக் கடித்திருக்குமா?

கழற்றிக் காட்டினார். உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டி. தண்ணீர் இறங்கி, கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. இதைக் கொண்டுபோய்த் தண்ணீர் படுகிற இடத்தில் வைத்த மகராசன் யார்?

சரி, பழையது ஒன்றை வாங்கி மாட்டலாம் என்றால், திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் என் சாவியை யாரென்றே தெரியாது என்கிறதாம். எரிபொருளைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் தலையில் பொடி எழுத்தில் இருக்கிற குறியீட்டையெல்லாம் வேறு ஏற்ற வேண்டுமாம். எனக்கு ஆதார் எடுத்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

புதுசுக்கு ஆர்டர் போட்டாயிற்று. எப்போது வரும்? "நாளைக்குண்ணே." எந்த நாளைக்கு? வண்டித் தவணை மட்டும் 5ஆம் தேதி டாண் என்று வந்துவிடுகிறது.