ஜூஸுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைத்து விற்றவர்களைச் சும்மா விடக் கூடாது

விளம்பரப் பொய்களில் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கடலை எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது, அது விலங்குக் கொழுப்பில்தான் இருக்கும். அதை நம்பி வாங்கினால் கூடுதலாகப் பத்து ரூபாய் போகும், அவ்வளவுதான். ஆனால் வயிற்றால் போய்த் துவண்டு கிடக்கிற குழந்தைக்கு மருந்து என்று நினைத்துப் பெற்றவர்கள் வாங்கும் டப்பாவில் சர்க்கரைத் தண்ணீரை அடைத்து, அதன்மேல் 'ஓ.ஆர்.எஸ்.' என்று மருந்தின் பெயரையே ஒட்டி வருஷக்கணக்கில் விற்றார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் உடம்பு இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் மருந்து; யாரோ ஒரு கம்பெனி வைத்த பெயர் இல்லை. அது ஒரு சூத்திரம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் இருந்து பரிந்துரைக்கும் அளவு இது. இதில் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது வேறு பானம்.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும் என்றால், நம் சிறுகுடல் வேலை செய்யும் விதம் அப்படி. குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். இரண்டும் போகும்போது தண்ணீரும் கூடவே போகும். காலரா வந்தாலும்கூட இந்த வழி மட்டும் பழுதாவதில்லை. அதனால்தான் இரண்டும், எடையில் இல்லை, துகள் எண்ணிக்கையில், லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக வைத்திருக்கிறார்கள். கரைசலின் மொத்த அடர்த்தி, அதாவது அதில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு, லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தின் அடர்த்தி சுமார் 290. கரைசல் ரத்தத்தைவிட நீர்த்து இருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகிறது.

இப்போது அந்த டப்பாக்களைப் பாருங்கள். பின்பக்கம் திருப்பினால் சர்க்கரை 100 மில்லிக்கு 10, 12 கிராம் என்று போட்டிருக்கும். லிட்டருக்கு 120 கிராம்! மருந்தில் இருப்பது 13.5. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. கடையில் விற்கும் ஆப்பிள் ஜூஸின் அடர்த்தி சுமார் 700. இதைக் குடித்த குடலில் என்ன நடக்கும்? தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் உடம்பிலிருந்து குடலுக்கு இழுபடும். பேதி கூடும். பேதி கூடியதும் தாய் என்ன செய்வாள்? 'ஓ.ஆர்.எஸ். பத்தவில்லை போல' என்று இன்னொரு டப்பா வாங்கிக் கொடுப்பாள். அந்தத் தாயின் மேல் என்ன குற்றம்? மெடிக்கலில் கேட்டாள், மெடிக்கலில் கொடுத்தார்கள், டப்பாவிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

'சின்ன எழுத்தில் போட்டிருந்தோமே' என்று சொல்வார்கள். அந்தச் சின்ன எழுத்துதான் எனக்கு அதிகம் எரிகிறது. 2022 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜூலையிலேயே, 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல' என்ற வாசகத்தைப் போட்டுவிட்டுப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. 2024 பிப்ரவரியிலும் அதே சலுகை. முன்பக்கம் 'இது மருந்து', ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் 'இது மருந்து இல்லை'! ராத்திரி பதினோரு மணிக்கு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஒருவர் எதைப் படிப்பார்? டிவியிலும் இதே கதைதான். விளம்பரம் பேசும் மொழியிலேயே மறுப்பு வாசகமும் இருக்க வேண்டும் என்று விளம்பரத் துறையின் சொந்த நெறிமுறையே சொல்கிறது. தமிழில் பேசி ஆங்கிலத்தில் மறுக்கும் விளம்பரம் எத்தனை ஓடுகிறது, எண்ணிப் பாருங்கள்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் விடாமல் கத்தி, நீதிமன்றம் ஏறிய பிறகுதான் 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்தச் சலுகைகளைத் திரும்பப் பெற்றது. இனி பெயருக்கு முன்னாலோ பின்னாலோ, எந்தப் பானத்திலும் அந்த எழுத்துகள் கூடாது. ஒரு மருத்துவர் அழுது போராடித்தான் இது நடக்க வேண்டுமா? இதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் எங்கே போனார்கள்?

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதுவும் நம் நாட்டு வரலாறு. 1971 வங்கப் போர். மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் என்று கலந்து, டிரம்மில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு விகிதம் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 'இந்த நூற்றாண்டின் ஆக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம்' என்று 1978-ல் லான்செட் எழுதியது. அவருக்கு நாடு பத்ம விபூஷண் கொடுத்தது 2023-ல், அவர் இறந்த பிறகு. ஏழைகளுக்காகப் பிறந்த அந்த மருந்தின் பெயரை எடுத்து, 200 மில்லி ஜூஸ் டப்பாவில் ஒட்டி முப்பது, நாற்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அசல் பொட்டலம் ஒரு லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசம்.

சரி, கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பொட்டலத்தில் 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தரநூலின் சுருக்கம்) என்ற எழுத்தும் மருந்து உற்பத்தி உரிம எண்ணும் இருந்தால் அது மருந்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னமும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது உணவுப் பொருள், மருந்து இல்லை. டப்பாவில் திரவமாக வருவதெல்லாம் போலி என்று சொல்லவில்லை. சரியான அளவில் கலந்து வருவதும் உண்டு. அதற்கு 100 மில்லி கணக்கைப் பாருங்கள்: குளுக்கோஸ் 1.35 கிராம், சோடியம் சுமார் 172 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 78 மில்லிகிராம். குளுக்கோஸ் இடத்தில் 'சர்க்கரை 10 கிராம்' என்று கண்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். சூரியன் ஸ்ட்ரா போட்டுச் சக்தியை உறிஞ்சுவதாக டிவியில் காட்டும் குளுக்கோஸ் பவுடரும் இதற்கு ஆகாது. அதில் தேவையான உப்பு இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடக் கொடுக்கலாம், இதற்கு மாற்று ஆகாது.

கலப்பதிலும் பெரிய தப்பு நடக்கிறது, இதையும் பொட்டலத்தில் தமிழில் பெரிதாகப் போட ஒருவரும் மெனக்கெடுவதில்லை. கடைகளில் இரண்டு அளவுப் பொட்டலம் இருக்கிறது: ஒரு லிட்டருக்கானது, 200 மில்லிக்கானது. லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் (200 மில்லி) தண்ணீரில் கொட்டினால் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோலுக்குப் பதில் 375 ஆகிவிடும். ரத்தத்தில் இருப்பதே 140 சொச்சம்தான். குழந்தைக்கு வலிப்பு வருகிற அளவுக்கு ஆபத்து அது. பாதிப் பொட்டலத்தைக் கண்ணால் அளந்து போடுவதும் வேண்டாம், அளவு சரியாக வராது. லிட்டர் பொட்டலம் முழுதும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைய வேண்டும், 200 மில்லிப் பொட்டலம் 200 மில்லித் தண்ணீரில். பாலில், ஜூஸில், சோடாவில் கரைக்கக் கூடாது. சர்க்கரை சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. ஸ்பூனாலோ பாலாடையாலோ கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுங்கள். வாந்தி எடுத்ததற்காக நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குள் என்றால் 10. பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு. பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் கொடுக்கலாம். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பி, மூத்திரம் போகாமல், பிள்ளை மயங்கி மயங்கிக் கிடந்தால், அல்லது மலத்தில் ரத்தம் கண்டால், கலக்கிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஓ.ஆர்.எஸ். கொடுங்க' என்று கேட்டால் எந்த டப்பா எதில் சேர்த்தி என்று அந்தப் பெற்றோரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பொட்டலத்தில் லாபம் குறைவு, டப்பாவில் அதிகம், அதுவும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சில ரூபாய்க்காக ஒரு பச்சைப்பிள்ளையின் குடலில் கை வைக்காதீர்கள். பெயரை மாற்றி, அதே நிறம், அதே டப்பா, அதே படத்தோடு வந்தாலும் உள்ளே இருப்பது ஜூஸ்தான். அதை மருந்து அலமாரியில் வைக்காதீர்கள், கூல்டிரிங்க்ஸ் இருக்கும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழைய பெயரோடு டப்பா எங்காவது இன்னும் விற்றால் வாங்குகிறவர்கள் பில்லோடு படம் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அன்றைக்கே புகார் பதியுங்கள்.